அத்தியாயம் 7: வெளியீட்டில் தானியங்கி வீச்சு மாற்றம்

1. ஒரு வீச்சு ஏன் போதாது

திருகோணமலை மாவட்டத்தில் நீரின் தரம் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஆண்டு மழை சுமார் 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, மாரி காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். சோளகம் வீசும் மாதங்கள் காய்ந்து கிடக்கும். நகரத்துக் குழாய் நீருக்கு மூலம் சுமார் 40 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கந்தளாய்க் குளம். வெயில் காலத்தில் கலங்கல் குறைந்திருக்கும் நீர், மாரியின் முதல் வெள்ளம் சேற்றை அள்ளிவந்ததும் நிறம் மாறிவிடும்.

துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியார் குடாவில் ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி அங்கேதான் கடலில் விழுகிறது. ஆற்று நீரின் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்குச் சில நூறு மைக்ரோசீமன்ஸ். கடல்நீரினது, 25 பாகை செல்சியசில், சுமார் 53,000. ஆறு பெருகினால் அங்கே இறக்கிய உணரியைச் சுற்றி நன்னீர் நிற்கும். ஆறு வற்றினால் அதே இடத்தில் உப்புநீர் நிற்கும்.

பகுப்பாய்வி இவ்வளவையும் அளந்துவிடும். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில், கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் 4–20 மில்லியம்பியர் கம்பியில்தான் இருக்கிறது. கலங்கல்மானியின் வெளியீட்டை 0–1,000 என்டியூ (கலங்கலின் அலகு) என்று வைத்துவிட்டீர்கள் எனக் கொள்வோம். கம்பி, உள்ளீட்டு அட்டை, பதிவுக் கருவி எல்லாம் சேர்ந்து முழு வீச்சில் 0.5 சதவீதம் பிழை தந்தால் அது 5 என்டியூ. குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 614, 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், கலங்கலுக்கு விதிக்கும் உச்ச வரம்பே 2 என்டியூதான். வரம்பைவிடப் பிழை பெரிது. திரையில் 3 என்று தெரிவது உண்மையில் 7 ஆகவும் இருக்கலாம்.

சரி என்று வீச்சை 0–20 ஆகக் குறைத்தால் பிழை 0.1 என்டியூவாகச் சுருங்கும். ஆனால் வெள்ளம் வந்த அன்று வெளியீடு உச்சத்தில் முட்டி நிற்கும். வரைபடத்தில் நேர்கோடு தெரியும். நீரில் இருப்பது 30ஆ 130ஆ என்று யாருக்கும் தெரியாது. இந்த இரண்டு தேவையையும் ஒரே கம்பியில் நிறைவேற்றுவதுதான் தானியங்கி வீச்சு மாற்றம். அளவு சிறிதாக இருக்கும்போது பகுப்பாய்வி சிறிய வீச்சில் மின்னோட்டத்தை அனுப்பும். எல்லையைத் தாண்டியதும் தானாகவே பெரிய வீச்சுக்குத் தாவும்.

2. அளவீட்டு வீச்சு வேறு, வெளியீட்டு வீச்சு வேறு

கையேட்டில் ‘ஓட்டோ ரேஞ்ச்’ என்று ஒரே பெயரில் இரண்டு வசதிகள் இருப்பதுண்டு. ஒன்று, உணரிக்கும் பெருக்கிக்கும் உரிய அளவீட்டு வீச்சு. ஒளிச் சமிக்ஞை வலுத்தால் பகுப்பாய்வி தன் உட்பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். இது கருவிக்குள்ளேயே நடந்து முடிகிறது. திரையில் எப்போதும் சரியான எண்தான் வரும். மற்றது, வெளியே போகும் மின்னோட்டத்தின் வீச்சு. இந்த அத்தியாயம் பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டுமே.

உணரியால் அளக்க முடியாததை வெளியீட்டு வீச்சால் மீட்க முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். செல் மாறிலி 0.1 கொண்ட கடத்துதிறன் உணரி தூய நீருக்கு உரியது. அதைக் குடா நீரில் இறக்கிவிட்டு வெளியீட்டை 0–60,000 என்று அமைத்துப் பயனில்லை. கடல்நீர் வரக்கூடிய இடத்துக்கு மாறிலி 10 கொண்ட உணரி அல்லது தூண்டல் வகை உணரி வேண்டும். முதலில் உணரியின் எல்லையைப் பாருங்கள். அதன் பிறகே வெளியீட்டைத் தொடுங்கள்.

3. ஒரே 16 மில்லியம்பியர், இரண்டு செய்திகள்

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். குளத்திலிருந்து வரும் சுத்திகரிக்காத நீருக்கு ஒரு கலங்கல்மானி. வீச்சு 1: 0–20 என்டியூ. வீச்சு 2: 0–200 என்டியூ. எந்த வீச்சானாலும் 0 என்பது 4 மில்லியம்பியர், உச்சம் 20 மில்லியம்பியர். கணக்கு எளிது: அளவை வீச்சின் உச்சத்தால் வகுத்து, 16ஆல் பெருக்கி, 4ஐக் கூட்டுங்கள்.

நீரில் 15 என்டியூ இருக்கும்போது வீச்சு 1 தரும் மின்னோட்டம் 16 மில்லியம்பியர். நீரில் 150 என்டியூ இருக்கும்போது வீச்சு 2 தருவதும் அதே 16 மில்லியம்பியர். கம்பியின் மறுமுனையில் இருக்கும் நிரல் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சிக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த வீச்சு என்று சொல்லாமல் மின்னோட்டத்தை மட்டும் அனுப்புவது, கடைக்காரரிடம் ‘ஐந்து’ என்று மட்டும் சொல்லிக் கிலோவா கிராமா என்று சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பாருங்கள். 15 இருக்கும்போது 150 என்று காட்டினால் வீண் அலாரம் அடிக்கும். ஒப்பரேட்டர் போத்தலில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டு அலுத்துக்கொள்வார். 150 இருக்கும்போது 15 என்று காட்டினால் அலாரம் அடிக்காது. சேற்றைப் படியவைக்கப் போடும் படிகாரத்தின் அளவு உயராது. சேற்று நீர் வடிகட்டிகள் வரை போய்விடும். ஆகவே மின்னோட்டத்தோடு கூடவே ‘இப்போது எந்த வீச்சு’ என்ற செய்தியும் போக வேண்டும். அதைக் கொண்டுபோவது பகுப்பாய்வியின் ரிலே. அதன் தொடர்பு முனையிலிருந்து பிஎல்சியின் இலக்க உள்ளீட்டுக்கு இன்னொரு சோடிக் கம்பி வேண்டும்.

4. உண்மையிலேயே தேவையா?

அமைக்கத் தொடங்குமுன் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுங்கள். பல இடங்களில் இதைவிட எளிய வழி இருக்கிறது.

*இரண்டு நிலையான வெளியீடுகள்.* இன்றைய பகுப்பாய்விகள் பலவற்றில் இரண்டு மின்னோட்ட வெளியீடுகள் உண்டு. ஒன்றை 0–20 ஆகவும் மற்றதை 0–200 ஆகவும் நிலையாக வைத்துவிட்டால் தாவலும் இல்லை, ரிலேயும் இல்லை. பிஎல்சியில் முதல் வெளியீடு நிரம்பியதும் இரண்டாவதைப் படிக்கச் சொன்னால் போதும். தேவைப்படுவது ஒரு கூடுதல் சோடிக் கம்பியும் ஒரு கூடுதல் உள்ளீடும். ரிலேக்கு எப்படியும் ஒரு சோடி வேண்டும் என்பதால் கம்பிச் செலவு ஏறக்குறைய ஒன்றே.

*இலக்கத் தொடர்பு.* மோட்பஸ் போன்ற வழியில் அளவீடு எண்ணாகவே போகும். 150 என்பது 150 ஆகவே வந்து சேரும். வீச்சு என்ற பேச்சே எழாது. ஆர்எஸ்-485 கம்பி குறைந்த வேகத்தில் சுமார் 1,200 மீற்றர் வரை செல்லும். புதிதாகக் கட்டும் நிலையமென்றால் இதுவே முதல் தெரிவு.

*வளைந்த வெளியீடு.* சில கருவிகளில் 4–12 மில்லியம்பியரை 0–20க்கும், 12–20ஐ 20–200க்கும் ஒதுக்கலாம். தாவல் இல்லை, ரிலே தேவையில்லை. ஆனால் பெறுமிடத்திலும் அதே வளைவை எழுத வேண்டும். பழைய பதிவுக் கருவிகளால் அது முடியாது.

*ஒரே வரம்பு மட்டும் முக்கியமான இடம்.* துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் அடித்தள நீரை வெளியேற்றும்போது எண்ணெய் 15 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பது கப்பல் மாசுத் தடுப்பு உடன்படிக்கையான மார்பொலின் விதி. அந்தக் கருவியின் வேலை 15ஐத் தாண்டியதா இல்லையா என்று சொல்வது. தாண்டிய பிறகு 60ஆ 600ஆ என்பதற்காக வீச்சு மாற்றம் தேவையில்லை.

இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு மிஞ்சும் இடங்கள் உண்டு. பழைய பலகையில் ஒரேயொரு மின்னோட்ட உள்ளீடுதான் மிச்சம். ஆனால் இலக்க உள்ளீடு காலியாக இருக்கிறது. அல்லது காகிதப் பதிவுக் கருவியை இன்னும் கைவிட முடியவில்லை. அல்லது கருவியில் ஒரே வெளியீடுதான் உள்ளது. அங்கேதான் தானியங்கி வீச்சு மாற்றம் தன் இடத்தைப் பிடிக்கிறது.

5. எண்களைத் தீர்மானித்தல்

கருவியின் பட்டியலைத் திறக்குமுன் ஒரு தாளில் பின்வருவனவற்றை எழுதி முடியுங்கள்.

*பெரிய வீச்சின் உச்சம்.* கடந்த மாரிகளின் பதிவேட்டைப் புரட்டி, மிக மோசமான அளவை எடுங்கள். அதற்கு மேல் மூன்றிலொரு பங்காவது இடம் விடுங்கள். நம் உதாரணத்தில் அதுவரை கண்ட உச்சம் 150 எனக் கொண்டு 200 வைத்திருக்கிறோம்.

*சிறிய வீச்சின் உச்சம்.* ஆண்டின் பெரும்பகுதி நீர் எங்கே நிற்கிறதோ அது இந்த வீச்சுக்குள் அடங்க வேண்டும். சாதாரண நாளின் அளவு வீச்சின் நடுப்பகுதியில் விழுந்தால் நல்லது.

*விகிதம்.* இரண்டு உச்சங்களுக்கும் இடையே பத்து மடங்கு என்பது வசதியான இடைவெளி. குடாவின் கடத்துதிறனுக்கு 0–2,000, 0–60,000 என்று இரண்டே வீச்சுகள் வைத்தால் முப்பது மடங்கு. அப்போது 2,000ஐத் தாண்டிய உடனே வெளியீடு 4.53 மில்லியம்பியரில் போய் ஒட்டிக்கொள்ளும். உப்பு ஏறத் தொடங்கும் கட்டம்தான் அங்கே முக்கியம்; அது வரைபடத்தின் அடியில் புதைந்துவிடும். நடுவே 0–20,000 என்று மூன்றாவது வீச்சைச் சேருங்கள்.

*மேலேறும் புள்ளி.* சிறிய வீச்சின் 95 சதவீதம். நம் உதாரணத்தில் 19 என்டியூ. சரியாக 100 சதவீதத்தில் வைத்தால் தாவுவதற்குள் வெளியீடு நிரம்பிவிடும்.

*கீழிறங்கும் புள்ளி.* சிறிய வீச்சின் 80 சதவீதம். அதாவது 16 என்டியூ. இரண்டு புள்ளிகளும் ஒன்றாக இருந்தால், நீர் 19ஐச் சுற்றி ஆடும் நாளில் ரிலே நிமிடத்துக்குப் பலமுறை டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். வரைபடம் ரம்பப் பல்லாக மாறும். ரிலேயும் சீக்கிரம் தேயும்.

*தாமதம்.* மேலேறும்போது தாமதம் வேண்டாம், அல்லது ஓரிரு விநாடி போதும். கீழிறங்கும்போது 30 விநாடி கொடுங்கள். அளவு ஒரு கணம் தாழ்ந்ததற்காக வீச்சு இறங்கக் கூடாது.

உதாரணத்தின் முழுக் கணக்கு இதோ:

| நீரின் அளவு | வீச்சு 1இல் | வீச்சு 2இல் |
|---|---|---|
| 10 என்டியூ | 12 மில்லியம்பியர் | 4.80 மில்லியம்பியர் |
| 16 என்டியூ (இறங்கும் புள்ளி) | 16.8 | 5.28 |
| 18 என்டியூ | 18.4 | 5.44 |
| 19 என்டியூ (ஏறும் புள்ளி) | 19.2 | 5.52 |
| 100 என்டியூ | — | 12 |
| 150 என்டியூ | — | 16 |

இந்த அட்டவணையை உங்கள் எண்களுக்கு ஏற்பக் கணித்து, பலகையின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள்.

6. ரிலேயின் திசை

அதிகம் கவனிக்கப்படாத அமைப்பு இதுதான். ரிலேக்கு மின் கிடைக்கும்போது வீச்சு 1 என்று வைப்பதா, வீச்சு 2 என்று வைப்பதா?

கம்பி அறுந்தால், முனை துருப்பிடித்தால், ரிலேச் சுருள் எரிந்தால், மூன்றிலும் பிஎல்சி காண்பது திறந்த தொடர்பையே. எனவே ‘திறந்த தொடர்பு’ என்பதற்குக் கொடுக்கும் பொருள், பழுதடைந்த நாளில் நீங்கள் நம்பப்போகும் பொருள். கலங்கலுக்கு, திறந்தால் வீச்சு 2 என்று வையுங்கள். கம்பி அறுந்த அன்று 15 இருக்கும் நீர் 150 என்று தெரியும். தொந்தரவு உண்டு, ஆபத்து இல்லை. தலைகீழாக வைத்தால் 150 இருக்கும் நீர் 15 என்று தெரியும். கடத்துதிறனுக்கும் இதே விதி.

எஞ்சிய குளோரினுக்கு இதே அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். அங்கே குறைவுதான் ஆபத்து. பாவனையாளரின் குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராம்/லீற்றர் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வீச்சுகள் 0–2, 0–10 எனக் கொள்வோம். உண்மை அளவு 0.4 இருக்கையில் தொடர்பு அறுந்து வீச்சு 2 என்று பிஎல்சி நினைத்தால் அது 2.0 என்று படிக்கும். ‘குளோரின் கூடிவிட்டது’ என்று பம்பைக் குறைக்கும். ஊருக்குக் கிருமிநீக்கம் செய்யாத நீர் போகும். குளோரின் பம்பை ஓட்டும் சமிக்ஞையில் தானியங்கி வீச்சை வைக்காமல் இருப்பதே நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால், திறந்தால் வீச்சு 1 என்று அமையுங்கள்.

ரிலே இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. வீச்சு 1க்கு ஒன்று, வீச்சு 2க்கு ஒன்று. எப்போதும் ஏதேனும் ஒன்று மட்டுமே மூடியிருக்க வேண்டும். இரண்டும் திறந்தோ இரண்டும் மூடியோ இருந்தால் அது பழுது. பிஎல்சி அளவீட்டை ஏற்காமல் ‘வீச்சு ஐயம்’ என்று அலாரம் எழுப்பட்டும். மூன்று வீச்சுகளுக்கும் இரண்டு ரிலே போதும்: இரண்டும் திறந்த நிலையைப் பழுதுக்கென்று ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள மூன்று சேர்க்கைகளை வீச்சுகளுக்குக் கொடுங்கள்.

7. பகுப்பாய்வியில் செய்ய வேண்டியவை

பட்டியலின் பெயர்கள் கருவிக்குக் கருவி மாறும். வரிசை பெரும்பாலும் இதுவே.

1. கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்து, இந்தச் சமிக்ஞையைப் பின்பற்றும் படிகாரப் பம்பையும் குளோரின் பம்பையும் கையியக்கத்துக்கு மாற்றுங்கள். பதிவேட்டில் நேரத்தை எழுதுங்கள்.
2. இப்போதுள்ள அமைப்பு முழுவதையும் எழுதியோ படமெடுத்தோ வையுங்கள்.
3. வெளியீட்டைப் பிடித்துவைக்கும் நிலையில், அதாவது ‘ஹோல்ட்’டில், போடுங்கள்.
4. வெளியீடு 1இன் வகை 4–20 மில்லியம்பியர்தானா என்று பாருங்கள். 0–20 என்று இருந்தால் மாற்றுங்கள். பூச்சியத்துக்கும் அறுந்த கம்பிக்கும் வேறுபாடு தெரிய வேண்டும்.
5. வீச்சு 1, வீச்சு 2 இரண்டின் அடி, உச்ச எண்களைக் கொடுங்கள். இரண்டின் அடியும் 0 ஆகவே இருக்கட்டும்.
6. வீச்சுத் தெரிவை ‘தானியங்கி’ ஆக்குங்கள். ஏறும் புள்ளி, இறங்கும் புள்ளி, தாமதம் ஆகியவற்றைக் கொடுங்கள். சில கருவிகளில் இறங்கும் புள்ளியை நேரடியாகக் கேட்காமல் இடைவெளியாகக் கேட்பார்கள். அங்கே 3 என்டியூ என்று கொடுங்கள்.
7. ரிலேயை ‘வீச்சு அடையாளம்’ என்ற பணிக்கு ஒதுக்கி, மேலே தீர்மானித்த திசையை அமையுங்கள்.
8. பழுது மின்னோட்டத்தை 3.6 மில்லியம்பியர் என்று வையுங்கள். மின்னோட்டச் சமிக்ஞைக்கான நாமூர் என்இ 43 பரிந்துரையின்படி 3.8 முதல் 20.5 வரை அளவீடு; 3.6 அல்லது அதற்குக் கீழே, 21 அல்லது அதற்கு மேலே பழுது. இரண்டு வீச்சுக்கும் இது பொதுவானது.
9. மின்தடைக்குப் பின் கருவி எந்த வீச்சில் எழும் என்று தெரிவு இருந்தால், கலங்கலுக்கும் கடத்துதிறனுக்கும் பெரிய வீச்சைத் தெரிவு செய்யுங்கள்.
10. கருவியிலேயே உயர் அளவு அலாரம் ஒன்றை வையுங்கள். அது அளவீட்டை நேரடியாகப் பார்ப்பதால் வீச்சு எதுவானாலும் தவறாது.

கடத்துதிறன் கருவியென்றால் வெப்ப ஈடுசெய்தலையும் இதே அமர்வில் சரிபாருங்கள். ஈடுசெய்யாவிட்டால் ஒரு பாகைக்குச் சுமார் 2 சதவீதம் வித்தியாசம் வரும். 30 பாகை நீரில் அது 25 பாகை அளவைவிட ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். வீச்சு மாறும் புள்ளியும் கூடவே நகர்ந்துவிடும்.

8. பெறுமிடத்தில் செய்ய வேண்டியவை

பாதி வேலை இங்கேதான். பகுப்பாய்வியில் மட்டும் அமைத்துவிட்டுப் பிஎல்சியைத் தொடாமல் போவதைவிட, ஒன்றும் செய்யாமல் இருப்பது மேல்.

நிரலின் அடிப்படை ஒரே வரி: மின்னோட்டத்திலிருந்து 4ஐக் கழித்து, 16ஆல் வகுத்து, தொடர்பு மூடியிருந்தால் 20ஆல் பெருக்கு, திறந்திருந்தால் 200ஆல் பெருக்கு. தாவும் நொடிதான் சிக்கல். நீர் 19 என்டியூவைத் தொடுகிறது. வெளியீடு 19.2இலிருந்து 5.52 மில்லியம்பியருக்கு விழ வேண்டும். ரிலேயும் மாற வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் பிஎல்சியை அடைவதில்லை. ரிலேச் செய்தி முந்தினால், 19.2 மில்லியம்பியரைப் புதிய வீச்சில் படித்து 190 என்டியூ என்று திரை காட்டும். மின்னோட்டம் முந்தினால், 5.52 மில்லியம்பியரைப் பழைய வீச்சில் படித்து 1.9 என்று காட்டும். முதலாவது வீண் அலாரம். இரண்டாவது, கலங்கிய நீரைக் குடிநீர்த் தரத்தில் இருப்பதாகக் காட்டும் ஒரு நொடிப் பொய்.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, ரிலே மாறினாலும் மின்னோட்டம் திடீரென்று தாவினாலும் கடைசியாகக் கிடைத்த நல்ல எண்ணை 3 விநாடி பிடித்துவைக்கச் சொல்லுங்கள். மின்னோட்டம் முந்தும் கருவியில் இதற்கு எளிய வழி, படித்த எண்ணை எப்போதும் ஓரிரு விநாடி பிந்தவைத்துப் பயன்படுத்துவது. இரண்டு, வடிப்பான் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மின்னோட்ட உள்ளீட்டிலேயே 5 விநாடி வடிப்பான் இருந்தால், 19.2 உடனே 5.52 ஆகாது, மெல்ல மெல்ல இறங்கும். அந்த நேரம் முழுவதும் பெரிய வீச்சில் பெருக்கப்படுவதால் திரை 190இல் தொடங்கி 19க்கு வந்து சேர 25 விநாடி ஆகும். எனவே உள்ளீட்டு அட்டையில் வடிப்பானைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். என்டியூவாக மாற்றிய பிறகு வரும் எண்ணுக்கு வடிப்பான் போடுங்கள். அந்த எண்ணுக்குத் தாவல் கிடையாது.

பதிவில் சேமிப்பது என்டியூவாகவே இருக்கட்டும். மில்லியம்பியரைச் சேமித்தால் ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு எந்த வீச்சு என்று தெரியாது. ரிலேயின் நிலையையும் தனிக் கோடாகப் பதியுங்கள். காகிதப் பதிவுக் கருவியென்றால், வீச்சு மாறும்போது ஓரத்தில் குறியிடும் பேனாவை ரிலேயோடு இணையுங்கள்.

3.6 அல்லது அதற்குக் கீழான மின்னோட்டத்தை 0 என்டியூ என்று பிஎல்சி வாசிக்கக் கூடாது. அது பழுது. பழுதின்போது மருந்துப் பம்பு கடைசி வேகத்திலேயே ஓடட்டும், அலாரம் அடிக்கட்டும்.

9. சோதனை

முதலில் மின்சாரச் சோதனை. கம்பியில் மல்டிமீட்டரை வைத்து, கருவியின் வெளியீட்டுச் சோதனைப் பகுதியில் 4, 12, 20 மில்லியம்பியரை ஒவ்வொன்றாக அனுப்புங்கள். இரண்டு வீச்சிலும் திரையில் சரியான எண் வருகிறதா என்று பாருங்கள். வீச்சு 1இல் 0, 10, 20. வீச்சு 2இல் 0, 100, 200. பிறகு ரிலேக் கம்பியைக் கழற்றி, பழுதின் திசை நீங்கள் எண்ணியபடிதானா என்று பாருங்கள்.

அடுத்தது நீர்ச் சோதனை. 4,000 என்டியூ ஃபோர்மசின் கரைசலில் 2.5 மில்லிலீற்றரை 1 லீற்றருக்கு நிரப்பினால் 10 என்டியூ. 4.5 மில்லிலீற்றர் என்றால் 18. 25 மில்லிலீற்றர் என்றால் 100. நீர்த்த கரைசலை அன்றே தயாரித்து அன்றே பயன்படுத்துங்கள். ஃபோர்மசினில் ஹைட்ரசீன் உண்டு, கையுறையில்லாமல் தொடாதீர்கள்.

வரிசை: 10, 18, 100, 18, 10. முதல் 18இல் கருவி வீச்சு 1லேயே நிற்க வேண்டும், மல்டிமீட்டர் 18.4 காட்டும். 100இல் வீச்சு 2க்குத் தாவி 12 காட்டும். இரண்டாவது 18இல் வீச்சு 2லேயே நிற்க வேண்டும், மல்டிமீட்டர் 5.44 காட்டும். இரண்டு தடவையும் திரையில் 18 என்றே இருக்க வேண்டும். ஏறும் புள்ளி, இறங்கும் புள்ளி, ரிலே, பிஎல்சிக் கணக்கு எல்லாவற்றையும் இந்த ஒரு சோதனை பிடித்துவிடும். கடைசி 10இல் தாமதம் முடிந்ததும் வீச்சு 1க்குத் திரும்பி 12 காட்டும்.

கடத்துதிறனுக்குப் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசல்கள் கடையில் கிடைக்கும்: 25 பாகையில் 1,413 தருவது ஒன்று, 12,880 தருவது மற்றொன்று.

10. துறைமுகக் காற்றும் இடியும்

சீனக்குடா, உட்துறைமுகம், நிலாவெளிக் கரை போன்ற இடங்களில் உப்புக் காற்று முனைகளைத் தின்றுவிடும். ரிலேத் தொடர்பு இதில் முதலில் பாதிக்கப்படும். காரணம், அதில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறிது; பச்சை பூத்த முனையை அது துளைத்துச் செல்லாது. 24 வோல்ட் உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். தங்கப்பூச்சுத் தொடர்புள்ள ரிலே கிடைத்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். கம்பி நுழையும் துளைகளை இறுக்குங்கள். பயன்படாத துளைகளை அடையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மாலை இடி வழமை. மின்னோட்டக் கம்பிக்கு மட்டும் மின்னல் காப்பு வைத்துவிட்டு ரிலேக் கம்பியை வெறுமனே விடாதீர்கள்.

குடா நீரில் கிடக்கும் உணரியில் பாசியும் சிப்பியும் ஒட்டும். அழுக்கு ஏறிய உணரி மெல்ல நகரும் எண்ணைத் தரும். வீச்சு மாற வேண்டிய நேரத்தில் மாறாது. அமைப்பைச் சந்தேகிக்குமுன் உணரியைக் கழுவுங்கள்.

11. கோளாறு கண்டால்

- திரையில் அளவு சரியாகப் பத்து மடங்கு கூடியோ குறைந்தோ இருந்தால்: ரிலேக் கம்பி, ரிலேயின் திசை, பிஎல்சியின் பெருக்கல் எண். இந்த வரிசையில் பாருங்கள்.
- ரிலே ஓயாமல் அடித்தால்: இரண்டு புள்ளிகளின் இடைவெளி போதாது, அல்லது உணரியில் காற்றுக்குமிழி.
- தாவும்போது மட்டும் ஊசிமுனை போன்ற உச்சம் தெரிந்தால்: உள்ளீட்டு வடிப்பான், பிடித்துவைக்கும் நேரம்.
- 20.5இல் முட்டி நின்றால்: தானியங்கித் தெரிவு கழன்று வீச்சு 1 நிலையாகிவிட்டது. மின்தடைக்குப் பின் இப்படி நேரலாம்.
- கருவியின் திரை சரி, கட்டுப்பாட்டு அறையின் திரை பிழை என்றால்: பகுப்பாய்வியைத் தொடாதீர்கள். கோளாறு கம்பியிலோ பிஎல்சியிலோதான்.

எண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் பகுப்பாய்வி, பிஎல்சி, கதவில் ஒட்டிய அட்டவணை ஆகிய மூன்றும் ஒன்றாக மாற வேண்டும். ரிலேக்கு ஒரு சோடிக் கம்பி கிடைக்கவில்லையென்றால் தானியங்கி வீச்சை அமைக்காதீர்கள்; பெரிய வீச்சை நிலையாக வைத்துவிட்டு, சிறிய அளவுகளுக்குப் போத்தலில் நீர் எடுத்து ஆய்வுகூடத்தில் பாருங்கள். வசதி இருந்து அமைக்கிறீர்கள் என்றால், ஒன்பதாம் பகுதியின் சோதனையைச் செப்டெம்பர் முடியுமுன் செய்து பதிவேட்டில் கையொப்பமிடுங்கள். மாரி தொடங்கிய பிறகு இதற்கு நேரம் கிடைக்காது.